மாதன் சாப்பிட்ட ஒன்பது நாள்

1

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதன் செத்துப்போனார். வயிற்றில் புற்று, வயது நாற்பத்தொன்று.

இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளில் மர்மத் தொடர் எழுதிச் சாப்பிடுகிறவன் நான். பிணத்தை முதல் வாரம் காட்டுவேன். காரணத்தைப் பதினெட்டாம் வாரம்தான் சொல்வேன். இந்த ஒரு கதையில் அது கூடாது. அப்படிச் செய்ததால் வந்த வினைதான் இந்தக் கதை.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இரண்டாம் பாகம். முதல் பாகம் 1987 செப்டம்பரில், மூன்று லட்சம் பிரதி விற்கிற ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. இடையில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "கல்வராயன் மலையின் கடைசி வளைவில் ஜீப் கிறீச்சிட்டு நின்றது. அவள் இடுப்பில் செருகியிருந்த

(வேண்டாம். இடுப்பு என்று எழுதினால் போதும், ஓவியர் பாதிப் பக்கத்தைப் பிடுங்கிக்கொள்வார்.)

தொடக்கம் இரண்டு: "கஞ்சா எனும் செடி நச்சா, மருந்தா என்பது குறித்து உலகெங்கும் மருத்துவர்களிடையே

(வேண்டாம். இதை எழுதத்தான் தலையங்கக்காரர் இருக்கிறார்.)

தொடக்கம் மூன்று: மாடு தீனி எடுக்கவில்லை.

இது செங்கம்மாள் சொன்ன தொடக்கம். மாதனின் மனைவி. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்த வருஷம் ஆகஸ்டில் ஆசிரியர் ரிஷிவந்தியத்துக்கு, என் வீட்டுக்கு, டிரங்க் கால் போட்டார். "கஞ்சா வாந்திய நிறுத்துதாமேய்யா? வெளிநாட்டுல டாக்டருங்க அடிச்சிக்கிறாங்க. ஒங்க பக்கத்துலதானே மலை இருக்கு? ரெண்டு வாரத்துக்கு சுடச்சுட ஒண்ணு எழுது."

கள்ளக்குறிச்சி போய் மலை பஸ் பிடித்தேன். அந்த ஊரின் பெயரை அன்றைக்கும் எழுதவில்லை, இன்றைக்கும் எழுதப்போவதில்லை.

"மாடு தீனி எடுக்கலன்னா அந்த எலைய கொஞ்சம் அரச்சி, வெல்லத்துல பொதிஞ்சி குடுப்போம் சார்" என்றாள் செங்கம்மாள். "சாயங்காலம் தொட்டிய நக்கும். இவரு பாண்டிச்சேரில ஊசி போட்டுக்கினு வந்து மூணு நாளு பச்சத்தண்ணி எறங்கல. கொடலே வெளிய வர மாதிரி வாந்தி. நா இன்னா பண்ணுவேன்? மாட்டுக்குக் கேக்கறது மனுசனுக்குக் கேக்காதா?"

கட்டிலில் கிடந்த மாதன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "என்ன மாடுன்றா சார். எழுதிக்க."

"மாடாச்சும் சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள் அவள்.

புற்றுக்கு மாசம் ஒரு ஊசி. முதல் ஊசிக்கு மூன்று நாள் பட்டினி. அடுத்த மூன்று ஊசிக்கும் இலை. ஊசிக்கு மூன்று நாள், ஆக ஒன்பது நாள். அதில் கடைசி நாள்தான் நான் போன நாள். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். அவர் சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் தரம் தட்டை நீட்டினார். செங்கம்மாள் எனக்குப் போடுவதை மறந்துவிட்டு அவருக்குப் போட்டாள்.

"நா செத்துப்புட்டா அடுத்த வாரம் யாரு சார் கதாநாயகன்?" என்று மாதன் கேட்டார். சிரித்தோம். மூன்று பேரும்தான்.

(மெட்ராஸில் ஒரு டாக்டரையும் பார்த்தேன். "வாந்தி குறையலாம், பசி எடுக்கலாம்னு சொல்றாங்க. ஆராய்ச்சி இன்னும் முடியலை. கேன்சரைக் குணப்படுத்தும்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். எழுதவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், அன்றைக்கு எழுதிய இரண்டாம் பாகத்தில்.)

4

இப்போது என் தப்பு.

முதல் பாகத்தில் செங்கம்மாளுக்கு நீலவேணி என்று பெயர் வைத்தேன். கடைசிப் பாரா இப்படி:

"கடைசி பஸ் திரும்பும் இடம். ஒற்றைப் பலாமரம். அதன் பின்னால் நீல வர்ணம் அடித்த தகரக் கதவு. கொல்லையில் அவரைப் பந்தல். பந்தலுக்குள்ளே, ஆள் உயரத்துக்கு, அந்தச் செடிகள்! யாருக்காக வளர்க்கிறாள் நீலவேணி?"

அங்கே நிறுத்தினேன். மாதனைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாந்தி கிடையாது, மாடு கிடையாது, சோறு கிடையாது. ஆசிரியர் போனிலேயே கைதட்டினார். "காரணத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளினே பாரு, அங்கதான்யா நீ நிக்கிறே!"

ஆள் பெயரை மாற்றுவது எனக்குப் பழக்கம். தடயத்தை மறைப்பது பழக்கமில்லை. மர்மத் தொடரில் தடயத்தை வாசகர் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டான் என்று கார்டு போட்டுத் திட்டுவார்கள். அதனால் மரத்தை வைத்தேன். கதவின் நிறத்தைக்கூட வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை கடைக்கு வந்தது. புதன்கிழமை காலை ஜீப் மலை ஏறியது. எஸ்.ஐ. கையில் பத்திரிகை இருந்ததாம். அதற்கு முதல் நாள்தான் மாதன் ஐந்தாவது ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்திருந்தார்.

செடியைப் பிடுங்கினார்கள். உலர்த்தி வைத்திருந்த இலையையும் எடுத்தார்கள். செங்கம்மாள் கட்டிலைக் காட்டி, "இவருக்குதாங்க, சாப்புட முடியலங்க" என்று அழுதிருக்கிறாள்.

எஸ்.ஐ. பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாராம். "காரணம் அடுத்த வாரம் வருதுன்னு போட்டிருக்கான்ல? அப்ப படிச்சிக்கிறோம், ஏறு."

5

வியாழக்கிழமை மறியல் தொடங்கிவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு வடதமிழ்நாடு முழுக்க ஒரு வாரம் சாலை நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டவர்களில் என் சித்தப்பா மகன் அன்புச்செல்வனும் ஒருவன். "எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கோம்ணே, எவன் காதுல வுழுந்துது? பஸ்ஸு நின்னாதான் பேப்பர்ல போடறான்" என்றான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மரத்தை வெட்டினால்தான் செய்தி என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் உண்டு.

அந்த வாரம் லாக்கப்பெல்லாம் மறியல்காரர்கள். ஜாமீன் மனுவோடு யாரும் எங்கும் போக முடியவில்லை. மலையிலிருந்து ஒரு நோயாளியைக் கீழே இறக்கவும் வண்டி இல்லை.

இரண்டாம் பாகம் அடுத்த செவ்வாய் வந்திருக்க வேண்டும். இந்தக் கதையை மூன்றாம் தடவை திருத்தி எழுதியபோது இப்படி எழுதியிருந்தேன்: "பத்திரிகைக் கட்டுகள் ஏற்றிவந்த லாரி உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டு

பொய். அடித்துவிட்டேன். எந்த லாரியிலும் அது ஏறவில்லை. அந்த வார அட்டையில் வெட்டிப்போட்ட புளியமரம். உள்ளே பதினாறு பக்கம் மறியல். என் கட்டுரையைத் தூக்கிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் கேட்டபோது ஆசிரியர், "இப்ப யாருய்யா கஞ்சாவப் படிக்கிறான்? பழசாயிடுச்சி" என்றார். கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்டேன். அச்சகத்தில் தேடினார்களாம். கிடைக்கவில்லை.

6

யார் கஞ்சாவைப் படிக்கிறான் என்று கேட்ட அதே பத்திரிகை, கடிதப் பகுதியில் ஆறு வாரம் அதை ஓட்டியது. 'கஞ்சா: மருந்தா, மயக்கமா?' என்று தலைப்பு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நீலவேணி போன்ற பெண்களால் ஒரு தலைமுறையே அழியும் என்றார். சித்த வைத்தியர் ஒருவர், சுத்தி செய்யாமல் கொடுத்தால் தோஷம் என்றார். இன்னொரு டாக்டர் அவரைப் போலி என்றார். அவர் இவரைப் பட்டணத்து மண்டை என்றார். கடலூரிலிருந்து ஒரு வாசகி, நீலவேணிக்குக் கடத்தல்காரக் கணவன் இருப்பான் என்று முடிவை முன்கூட்டியே ஊகித்து எழுதியிருந்தாள். மாலைப் பத்திரிகை ஒன்று 'கஞ்சா ராணி சிக்கினாள்' என்று போட்டது. ராணி அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, புருஷன் சாப்பிட்டாரா என்று வருகிற போகிற காக்கிச் சட்டையை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டு கடிதம் அச்சானது. எண்ணினேன். யாருக்காக வளர்த்தாள் என்று கேட்டு ஒரு கடிதமும் இல்லை.

(கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வாரம் நானே சொல்வேன் என்றல்லவா எழுதியிருந்தேன்?)

7

முடிவுகள் மூன்று தயாரித்தேன்.

அ) எழுத்தாளன் மோட்டார் சைக்கிளில் மருந்தோடு பறக்கிறான். மறியலில் அன்புச்செல்வன் மரத்தைப் புரட்டி வழிவிடுகிறான். மாதன் தட்டை நீட்டுகிறார். (நன்றாக விற்கும். அந்த வாரம் நான் வீட்டில் உட்கார்ந்து வேறொரு தொடரின் பதினான்காம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். செங்கம்மாளைப் பிடித்த விஷயமே எனக்கு அந்த மாலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும்.)

ஆ) இலை இருந்திருந்தால் மாதன் பிழைத்திருப்பார்.

(இதை எழுத எனக்கு உரிமை இல்லை. புற்று முற்றியிருந்தது. செத்துத்தான் இருப்பார். சாப்பிட்டுவிட்டுச் செத்திருப்பார்.)

இ) நடந்தது. பக்கத்து வீட்டு ஆயம்மாள் சாமைக் கஞ்சி வைத்துத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்திருக்கிறாள். எதுவும் நிற்கவில்லை. பதினோராம் நாள் உயிர் போயிற்று. செங்கம்மாளுக்கு ஜாமீன் கிடைத்தது பதினான்காம் நாள். மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர்தான் சொன்னாராம். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்.

8

வழக்கு இன்னும் நடக்கிறது. புதுச் சட்டம், ஐந்து வருஷம் வரை போடலாம். வக்கீல் அரங்கநாதன் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். என் முதல் பாகம் அரசுத் தரப்பு ஆவணம், எண் மூன்று.

"இரண்டாம் பாகத்தில் காரணம் எழுதியதாகச் சொல்கிறீர்கள். அது எங்கே?" என்று நீதிபதி கேட்டார்.

"பிரசுரமாகவில்லை ஐயா."

"பிரசுரமாகாததை நான் எப்படிப் படிப்பது?"

வெளியே வந்து செங்கம்மாளிடம் சொன்னேன், திரும்ப எழுதுகிறேன் என்று. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"செடி, போலீஸு, அதெல்லாம் அவங்க எழுதிக்கினாங்க. அவரு சாப்புட்டாருன்னு எழுது சார். ரெண்டாந்தரம் தட்ட நீட்டினாரே, நீதான் பாத்தியே. அத எழுது."

மேலே மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். போன வாரம் மலைக்குப் போய் அவளுக்கு வாசித்தும் காட்டினேன். நீலக் கதவு இப்போது இல்லை. கழற்றிவிட்டுச் சாக்கு தொங்கவிட்டிருக்கிறாள். கேட்டு முடித்துவிட்டு, "மொத பாகம் படிச்சவங்க எல்லாரும் இத படிப்பாங்களா?" என்றாள்.

எந்த வாரப் பத்திரிகையும் இதை எடுக்கவில்லை. முந்நூறு பிரதி அச்சாகிற ஒரு சிறு பத்திரிகை எடுத்திருக்கிறது. அதைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.

"மாட்டாங்கம்மா" என்றேன்.

விலகியிருந்த சாக்கை இழுத்துவிட்டாள். "ஒரு நாலு பேரு?"

தீர்ப்பு அடுத்த மாசம். அதை நான் எழுதமாட்டேன். விடுதலை என்று எழுதினால் மாலைப் பத்திரிகைக்காரனைவிடப் பெரிய பொய்யன் ஆவேன். தண்டனை என்று எழுத இந்தக் கைக்கு வரவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை எழுதிய கை இது.

உங்களில் சிலர் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைக்கிறவர்கள். அந்தச் செப்டம்பர் கட்டைப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். 'யாருக்காக வளர்க்கிறாள் நீலவேணி?' என்று முடிகிற பக்கம் இருக்கும். அதன் பின்னால் இதை ஒட்டுங்கள். கட்டு இல்லாதவர்கள் யாரிடமாவது வாயால் சொல்லுங்கள்: மாதன் சாப்பிட்டார். ஒன்பது நாள்.

அவள் நாலு பேர் கேட்டாள். நீங்கள் ஒருவர்.