எல்லார் குறியும் ஒரே புள்ளியில்

மாரிகுப்பம் புத்தர் கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் லேப்டாப்புகளோடு கூடுகிறவர்களை யசோதராதான் ஒன்று சேர்த்திருந்தாள். பெங்களூரில் நடக்கும் ஓர் ஆய்வுக்காக, சுதந்திரத்துக்கு முன்பு விமானத்திலிருந்து எடுத்த தங்கவயல் படங்களை அவர்கள் பார்த்தார்கள். மூடி மறந்துபோன ஷாப்டுகளை, சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளை, தேடிக் குறிப்பது வேலை. ஒரே படத்தைப் பலர் பார்ப்பார்கள். ஒருவர் வைத்த குறி மற்றவருக்குத் தெரியாது.

அன்று ஒரு படத்தில் எல்லாரும் ஒரே கரும்புள்ளியில் குறி வைத்திருந்தார்கள். யசோதரா அதன்மேல் இன்றைய வரைபடத்தைப் பொருத்தினாள். லைன் வீட்டுத் தெரு ஒன்று தெரிந்தது. அதன் கோடியில், புள்ளிக்கு நேர் மேலே, ஒரு வீடு இருந்தது. அவள் அக்கா அன்புச்செல்வியின் வீடு.

"தப்பா வெச்சிட்டேனா பாரு, கிரண்."

பக்கத்தில் இருந்த கிரண் மறுபடி பொருத்தினான். புள்ளி நகரவில்லை.

"மைன்ஸ் ஆபீசர் வந்து பாத்தப்புறம்தான் வெளிய சொல்லணும்னு ரூல் கீதுக்கா," என்றான் மெல்ல.

"உள்ள கீறது எங்க அக்காடா."

இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். அன்புச்செல்வி பின்பக்கக் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது? சத்தம் போடாத. மாமா நைட் ஷிப்ட் முடிச்சி இப்பதான் படுத்தாரு."

யசோதரா தரையைப் பார்த்தாள். கவிழ்ந்த வாளியிலிருந்து சோப்பு நுரை மூலைக்கு ஓடி, விரிசலில் இறங்கிக் காணாமல் போனது.

"இந்தத் தண்ணி எங்க போவுது?"

"யாருக்குத் தெரியும்? இந்த லைன்லயே நம்ம வூட்லதான் தண்ணி நிக்கறதில்ல," என்றாள் அக்கா பெருமையாக.

கிரண் மண்டியிட்டு, விரிசல் வழியே ஒரு கல்லைத் தள்ளினான். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கல் விழுந்த சத்தம் வரவே இல்லை. சில்லென்ற காற்றுதான் வந்தது. அக்காவின் கையிலிருந்த துணி நழுவியது.

ஓடினால் தரை உள்வாங்கிவிடுமோ என்று பயந்து, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"ஏங்க, எய்ந்திரிங்க!" அன்புச்செல்வி கணவனை உலுக்கினாள். யசோதரா படத்தில் கண்ட குழியைச் சொன்னாள்.

"எவனோ போட்டோல பாத்தான்னு வூட்ட வுட்டுப் போவணுமா?" என்று தேவா சீறினான். அவள் கட்டிலோடு சேர்த்து இழுத்துவிடுபவள்போல அவன் கையைப் பிடித்து இழுத்தாள். முனகிக்கொண்டே வெளியே வந்தான்.

அந்த வாரம் அடைமழை. ஒரு விடியற்காலையில் குளியலறை சுவரோடு உள்ளே போயிற்று. கட்டில் கிடந்த இடம்வரை பள்ளம். உயிர்ச்சேதம் இல்லை. போய்ப் பார்த்த தேவா தெருவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்று யசோதரா நினைத்தாள். கூடம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் உட்காரவில்லை. எப்போதும் கிண்டலடிக்கும் ஹரோல்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யசோ, எங்க லைன் எந்தப் படத்துல கீது? மொதல்ல அதத் தொற."

இந்த முறையும் அவள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. படத்தைத் திறந்து, வரைபடத்தைப் பொருத்தினாள். ஹரோல்டின் வீட்டில் ஒன்றும் இல்லை. கரும்புள்ளி எதிர்வீட்டின்மேல் இருந்தது. எதிர்வீட்டு ஸ்வீட்டி, இடுப்பில் குழந்தையோடு, ஹரோல்டுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.