மூத்தவருக்கு மேல்பாதி

பாகப்பிரிவினையில் மரகதவடிவின் வீட்டுக்குத் தொலைக்காட்சியின் மேல்பாதி கிடைத்தது. கீழ்பாதி சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் பூதத்தானுக்குப் போனது. பத்திரம் எழுதியவர் ஓரவஞ்சனை தெரியாத மனிதர். வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த கையோடு, படத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிட்டார். மூத்தவரான அவள் கணவர் ஆவுடையப்பனுக்குத் தலைகள். இளையவருக்குக் கால்கள். அண்ணனும் தம்பியும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

அது நடந்து பதினொரு வருடம் ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி இணைய இணைப்பு, தனித்தனி ரூட்டர், தனித்தனி டிவி பெட்டி. பெட்டியை மூன்று தடவை மாற்றியும் மரகதவடிவுக்கு மேல்பாதிதான் வந்தது. கீழே கருப்பு. அவளும் பழகிக்கொண்டாள். செய்தி வாசிக்கிறவளின் புருவத்தை வைத்தே மழை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பூதத்தான் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்து உலக நடப்பையெல்லாம் தெரிந்துவைத்திருந்தார். தொடர்களில் அழுவது யார் என்று இந்த வீட்டுக்குத் தெரியும். வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் பதினொரு வருடமாக ஒரு கதையும் யாருக்கும் விளங்கவில்லை.

இது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை, மகள் இசக்கி கபடி ஆடித் தொலைக்காட்சியில் வரும்வரை.

இசக்கி விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறவள். இருபது வயது. அரையிறுதியில் அவள் கபடி பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனாள். திடீரென்று முகம் கோணியது. பல்லைக் கடித்தாள். என்ன ஆயிற்று என்று மரகதவடிவுக்குத் தெரியவில்லை. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பூதத்தான் விம்மி அழுவது கேட்டது. அவர் முழங்காலைப் பார்த்துவிட்டார். மரகதவடிவு சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றவள் அவள், முழங்கால் அவருக்கு. போனில் கேட்டதற்கு இசக்கி ஒன்றுமில்லை என்றாள். எந்த மகள்தான் வேறு பதில் சொல்லியிருக்கிறாள்?

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. அதற்குள் மகளை முழுசாக்கிவிட வேண்டும் என்று மரகதவடிவு முடிவு செய்தாள். இரண்டு பெட்டியையும் சேர்க்க வேண்டும். வைஃபை சுவரைத் தாண்டாது. தாண்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. கேபிளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவள் நான்கு தடவை படித்துப் பார்த்தாள்.

கடைக்காரர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். சுவர் ஒன்பது அங்குலம் என்றாள். அந்தப் பக்கம் யார் வீடு என்றார். கொழுந்தன் வீடு என்றாள். அவர் உள்ளே போய் முந்நூற்றைந்து மீட்டர் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சொந்தக்காரங்க வீடுன்னா இதுவே பத்தாது. இருந்தாலும் கொண்டு போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் கேபிளில் கடைக்காரர் கிளிப் மாட்டித் தந்திருந்த முனையைத் தன் ரூட்டரில் செருகினாள். காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கினாள். அந்தத் துளையில் மறுமுனையை விட்டுத் தள்ளினாள். நூறு மீட்டர் போயும் அந்தப் பக்கம் எட்டவில்லை. ஆகவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே துளைக்குள் போனாள். ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. மூணே முக்காலுக்குள் வந்துவிடு, காபி போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். பெரிய மனுஷர்.

சுவருக்குள் நீளமான நடை இருந்தது. குழல்விளக்கு எரிந்தது. நடக்க நடக்க நடை நீண்டது. அவள் கோபமாக நடந்தபோது இன்னும் நீண்டது. இருநூறாவது மீட்டரில் ஒரு மேசை போட்டு அதற்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் படிவம் எடுத்தார்.

"உங்ககிட்ட எந்தப் பாதி இருக்கு?"

"மேல்பாதி."

"கீழ்பாதி இல்லாம அது எப்படி நிக்கி?"

"அதான் எனக்கும் தெரியல. பதினோரு வருசமா நிக்கி."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு விதியைச் சொன்னார். இரண்டு வீட்டு ரூட்டரும் தானே மூத்தவர் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் விலாசம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கம்பியில் இரண்டு மூத்தவர் இருந்தால் படம் வராது. ஒருவர் இளையவராகிவிட வேண்டும். தாங்குகிறவர்தான் மூத்தவர், கால்கள்தான் தாங்குகின்றன. ஆகவே மேல்பாதி வீட்டுக்காரர் தன் கையால் தன் ரூட்டரின் சின்னப் பொத்தானை அமுக்க வேண்டும். வேறு யார் அமுக்கினாலும் செல்லாது.

மரகதவடிவு படிவத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் இரண்டாவது இலையில் உட்காரச் சொன்னதற்காகச் சாப்பிடாமல் வந்த மனிதர் ஆவுடையப்பன்.

கேபிள் முடிகிற இடத்தில் அவள் பூதத்தானின் கூடத்தில் வந்து விழுந்தாள். அவர் எழுந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"வாங்க மைனி" என்றார். "காபி சாப்பிடுதியளா?"

மணி நாலு. அவர் கேபிளின் எட்டு நிறங்களையும் பிரித்து, வரிசை மாறாமல் கிளிப்பில் கோத்து நெருக்கித் தன் ரூட்டரில் செருகினார். திரையில் இசக்கியின் கால்கள் மட்டும் ஓடின. இடது முழங்காலில் கட்டு. மரகதவடிவு அதை முதல்முறையாகப் பார்த்தாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

விதியைக் கேட்டதும், நானே இளையவன், என்னுடையதை அமுக்குகிறேன் என்று பூதத்தான் எழுந்தார். செல்லாது என்றாள். சுவர்த் துளையில் வாயை வைத்துக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் மேல்பாதி வரவில்லை. முதல் பாதி ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பாதியும் முக்கால்வாசி போய்விட்டது. நடை மறுபடி நீளுவது துளைக்குள் கேட்டது.

கடைசியில் ஆவுடையப்பனின் குரல் வந்தது.

"பிள்ளைக்கு அடிபட்டது எந்தக் காலு?"

மரகதவடிவு துளையை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். பூதத்தான் துளையிடம் குனிந்தார்.

"எடது காலு, அண்ணாச்சி."

நாற்காலியை நகர்த்துவது கேட்டது. பிறகு டக் என்று ஒரு சத்தம் வந்தது. பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் கேட்ட சத்தங்களிலேயே பெரியது அதுதான்.

திரையின் மேலே வெளிச்சம் வந்தது. மேல்பாதி இறங்கிக் கீழ்பாதியின் மேல் உட்கார்ந்தது. முதலில் ஒரு விரற்கடை விலகி நின்றது. அப்புறம் இடுப்பில் பொருந்தியது. இசக்கி நின்றாள். உச்சி முதல் பாதம் வரை ஒரே பெண்ணாக நின்றாள். மரகதவடிவு பெற்ற அன்றைக்குப் பிறகு இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டு அணியும் சமம். கடைசிப் பாட்டு இசக்கியுடையது. நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். ஏழு பேர் வளைத்தார்கள். இடது காலை நீட்டி ஒருத்தியின் விரலைத் தொட்டாள். அந்தக் காலையே பிடித்தார்கள். முகம் கோணியது. இந்தத் தடவை ஏன் என்று மரகதவடிவுக்குத் தெரிந்தது. இசக்கி தரையோடு தரையாக ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு வந்து, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். விசில் ஒலித்தது. அரங்கமே எழுந்தது. பூதத்தான் நாற்காலியின் மேல் ஏறி நின்று கூத்தாடினார்.

கேபிளைப் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் துளை வழியாக வந்தார். சுவர் இப்போது ஒன்பது அங்குலம்தான் இருந்தது. ஒரே எட்டில் வந்துவிட்டார். அவருக்கு மீசை கறுத்திருந்தது. வழுக்கையில் முடி வந்திருந்தது. ரூட்டர் இளையதானால் வீட்டுக்காரரும் இளையவராவார் என்று படிவத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. அவர் பூதத்தானைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்றார்.

"இருக்கேன்டா. உக்காரு."

அவர் தரையில் உட்கார்ந்தார். திரையில் இசக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூதத்தான் அருகில் போய், ஒன்பது வயதுக்குப் பிறகு பார்க்காத அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அப்படியே உங்களதுதான் மைனி."

மரகதவடிவு திரையின் அடியில் விரல் வைத்துக் காட்டினாள்.

"காலப் பாருங்க" என்றாள். "அப்படியே உங்க தம்பி."