ஆமைப் பெட்டிக்குப் பக்கத்தில்

குகதாசனால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள தன் வீட்டு முன்னறையில் பழைய உடுப்பு அலுமாரி ஒன்றை மல்லாக்கப் போட்டு, கதவுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே மண்ணையும் மணலையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டுவார், எழும்பிப் போய் யன்னலால் பார்ப்பார், திரும்பி வந்து மண்ணைக் கிளறுவார். வெளியே பெப்ரவரிப் பனி விழுந்துகொண்டிருந்தது. அது தொண்ணூற்றோராம் ஆண்டு.

இவ்வளவும் ஓர் ஆமைக்காக! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேறு ஊருக்குக் குடிபோகும்போது மகள் ஆரணியின் கையில் கொடுத்துவிட்டுப் போன ஆமை. ஆமை வீட்டுக்குள் வரவே கூடாது என்று மனைவி தவமலர் ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். பிள்ளை அழுத அழுகையில் அந்தச் சாத்திரமெல்லாம் பறந்துவிட்டது. மிருக வைத்தியர் ஆமையை நிறுத்துப் பார்த்துவிட்டு, "மோசமாக மெலிந்துபோயிருக்கிறது. மற்ற ஆமைகளைப்போல இந்தக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவிட்டால் பிழைக்காது. சூடாக வைத்திருங்கள்" என்றார்.

கண்ணாடித் தொட்டிக்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு மனுசனுக்குத் தலை சுற்றியது. அதனால்தான் யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன இந்த அலுமாரி. ஒரு மூலையில் பல்பைத் தொங்கவிட்டு, அதன் கீழே சூடு பிடிக்க ஒரு தட்டைக் கல் வைத்தார். குளிர்மையான மறு மூலையில், ஆமை ஒளிந்து படுக்க ஒரு பூச்சாடியைச் சரித்து வைத்தார். சூடு பார்க்க ஒரு வெப்பமானி. வேலை நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது.

"கதவுக்குக் கீழாலை காத்து வருது. அடைக்க ஒரு துவாய் கொண்டாரும்."

"எத்தினை தரம் எழும்பி எழும்பிப் பாப்பியள்? கொஞ்சம் இருங்கோவன்" என்றாள் தவமலர்.

"இருக்க ஏலுமே? வாயில்லாச் சீவனெல்லே!"

வாயுள்ள சீவன்கள் மேல்மாடிப் பின்னறையில் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் எமில்டா, அவள் கணவன் செபமாலைமுத்து, ஒரு கைக்குழந்தை. எங்கள் சனம் என்று சொல்லி வாடகைக்கு அறை கொடுத்தவரும் குகதாசன்தான். கொடுத்த கையோடு, அந்த அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டரை இறுக்கிப் பூட்டியவரும் அவர்தான். தனியாக ஹீட்டரும் வைக்கக்கூடாது, பில் ஏறிவிடும். இரண்டு உடுப்பைக் கூடப் போட்டால் குளிர் தெரியாது என்பது அவருடைய சட்டம். வாடகையில் மட்டும் ஒரு சதம் குறையக்கூடாது!

குழந்தைக்குச் சில நாளாக இருமல். நெஞ்சில் சளி, குளிர் படவே கூடாது என்று டொக்டர் எச்சரித்திருந்தார். எமில்டா அதைத் தவமலரிடம் சொன்னாள். தவமலர் கணவனிடம் சொன்னாள். "பாப்பம்" என்றார் அவர். பார்த்தது ஆமையை.

அடுத்த நாள் வேலையில் அவருக்கு மனம் நிற்கவில்லை. பல்ப் எரிந்துபோயிருக்குமோ? ஆமை குளிர்ந்துபோய்க் கிடக்குமோ? தலையிடி என்று மேலாளரிடம் பொய் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்தார்.

முன்னறைத் தரையில் எமில்டா இருந்தாள். ஆமைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, விளக்கின் சூடு படும்படி குழந்தையை மடியில் சரித்து வைத்திருந்தாள். அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் ஒண்டையும் தொடேல்லை. எப்பிடியும் ஆமைக்கு எரியிற லைட்தானே, கூடக் கரண்ட் போகாது எண்டுதான்..."

முதலில் அவருக்கு வந்தது கோபம்தான். அந்தக் கடைசிச் சொல் காதில் ஏறியதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"இதிலை இருந்தா இருமல் குறைவு அண்ணை. மேலை போனாத் துவங்கியிடும்."

குகதாசன் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியை எடுத்துக்கொண்டு விறுவிறென்று மாடி ஏறினார். அறையை வாடகைக்கு விட்ட பிறகு அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. சுவர் ஈரத்தில் கறுத்திருந்தது. கட்டிலில் போர்வைக்கு மேல், அவர்களிடம் இருந்த கோட்டெல்லாம் குவிந்து கிடந்தது. அவர் விட்ட மூச்சு புகையாகப் போனது. வெப்பமானியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார். அது இறங்கிக்கொண்டே போனது. இந்தக் குளிரில் ஆமையை ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டாரே! சீ, நானும் ஒரு மனுசனா என்று வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

பின்னால் தவமலர் வந்து நின்றாள். "உங்களோடை மல்லுக்கட்ட ஏலாமல் நான்தான் கீழை வந்து இருக்கச் சொன்னனான். ஆமைக்கு என்ன வேணுமெண்டு ஊரெல்லாம் ஓடி விசாரிச்சியள். இந்தப் பச்சைப்பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு ஒருக்காலும் கேக்கேல்லையே! நானும் ஒருக்காச் சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். எனக்கும் பங்கு இருக்கு."

குகதாசன் முழந்தாளிட்டு ரேடியேட்டரைத் திறந்தார். குழாய்க்குள் தண்ணீர் களகளவென்று ஓடியது. மெல்ல மெல்லக் கையில் சூடு தெரிந்தது.

வாசலில் குழந்தையோடு நின்ற எமில்டாவின் முகத்தில் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. "அண்ணை, இதுக்கு மாசம் எவ்வளவு கூட்டித் தரவேணும்? இவருக்கு இப்ப ஷிப்டும் குறைவு..."

அவர் தலை நிமிராமலே சொன்னார்: "ஒண்டும் தரவேண்டாம் பிள்ளை. வாடகை வாங்கிறவன் அறையைச் சூடாக் குடுக்கிறது தருமமில்லை, அவன்ரை கடமை. எங்கடை சனம் எண்டு வாயாலை சொல்லிப்போட்டு உங்களைக் குளிரிலை கிடக்க விட்டனே, அது நான் செய்த அநியாயம். நீர் என்னட்டை நன்றி சொல்லக்கூடாது. நான்தான் உம்மட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."