பிரிக்க மறந்த ஒயர்

வேனுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பின்புறக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தவர் கிரேஸி. அவர் காலடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்துப் பலகையில் மருமகள் ஹெப்சி. முன்னால் டிரைவர் சீட்டில் மகன் ஷாஜின். அணைக்கட்டு என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஊழியம் செய்ய மிஷன் கொடுத்த வேன் அது. ஒரு வருஷமாகச் சமையல், தூக்கம், ஜெபம் எல்லாம் அதற்குள்தான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் உழைத்து ஓய்ந்த கிரேஸிக்கு இப்போது நுரையீரல் பழுது. ஆக்சிஜன் மெஷின் நின்றால் உதடு நீலம் பாய்ந்துவிடும். மெஷின் ஓடுவது கூரையில் இருந்த சோலாரிலும், அது ஏற்றிவைக்கும் பெரிய பாட்டரியிலும். புயல் மழையில் சில நாளாக வெயிலே இல்லை. அவசரச் சிலிண்டரோ காட்பாடிக்கு நிரப்பப் போய் இன்னும் திரும்பவில்லை.

காலைக் கஞ்சி குடித்து முடித்த நேரம், பாட்டரி இறங்கிவிட்டதென்று இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. ஹெப்சி ஃபேனை நிறுத்தினாள். குட்டி ஃபிரிட்ஜையும் போன் சார்ஜரையும் பிடுங்கினாள். கத்தல் ஓயவில்லை.

“ஏங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. ஓடினா சார்ஜ் ஏறிக்கும்.”

ஷாஜின் சாவியைத் திருப்பினான். டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜினுக்குத் தனி பாட்டரி ஆயிற்றே, அது எப்படி இறங்கும்? ஹெப்சி எட்டி அவனைப் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல மைக் நின்னுடக் கூடாதுன்னு ரெண்டு பாட்டரியையும் ஒயர் போட்டு சேத்தேன். பிரிக்க மறந்துட்டேன்.”

அவன் மழையில் இறங்கி, பக்கத்துக் கொல்லையில் பயிர் வைத்திருக்கும் சம்பந்தம் என்பவரைத் தேடி ஓடினான். அவன் தலை மறைவதற்குள் மெஷின் நின்றது. ஹெப்சி மாமியாரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டாள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னாள். கிரேஸியின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன. அந்த உதட்டைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

கடைசியில் டிராக்டர் சத்தம் கேட்டது. சம்பந்தம் தன் பாட்டரியிலிருந்து வேனுக்கு ஒயர் கொடுத்துக்கொண்டே, “ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க சார், வூட்டு பாட்டரிய பாக்க மாட்டீங்களா?” என்றார். இன்ஜின் உறுமியது. மெஷின் மூச்சுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிரேஸிக்கு நிறம் திரும்பியது.

ஷாஜின் அந்த ஒயரைக் கழற்றினான். இனி கோளாறு வராது, நாளைக்கு அடுத்த ஊரில் கூட்டம் அறிவித்தாகிவிட்டது என்றான். ஹெப்சி மாமியாரைப் பார்த்தாள். தன்னால் மகனுடைய ஊழியம் நிற்கக் கூடாதென்று இந்த வேனில் பிடிவாதமாக ஏறியவரே கிரேஸிதான்.

“எழுதும்மா ஹெப்சி,” என்றார் கிரேஸி. “டவுன்ல, சத்துவாச்சாரில கரண்டு இருக்கிற ஒரு ரூம் குடுக்கச் சொல்லி மிஷனுக்கு எழுது. எனக்குப் பயமா இருக்குது.”

மிஷன் செயலாளருக்குக் காகிதத்தில் போனால்தான் விண்ணப்பம். மடியில் பைபிளை வைத்து, அதன்மேல் தாளை வைத்து ஹெப்சி எழுதினாள். ஷாஜின் வாங்கிப் படித்தான். கூட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. தாயின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, கவரை ஒட்டினான். அணைக்கட்டுத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி, சம்பந்தம் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டிராக்டரைக் கிளப்பினார்.