கறுப்புக் கரை போட்ட கடிதம்

கோயமுத்தூர்ப் பீளமேட்டில் தபால்தலை சேர்க்கிறவர்கள் இருந்தார்கள், பழைய காசு சேர்க்கிறவர்கள் இருந்தார்கள், தீப்பெட்டி லேபிள் சேர்த்த பல் டாக்டர்கூட ஒருவர் இருந்தார். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அமெரிக்கர்களின் கையெழுத்தைச் சேர்க்கிறவர் என்று வெங்கடபதி ஒருவர்தான். சொந்தக்காரர்கள் வந்தால், "லிங்கன் இருக்குதுங்களா மாமா?" என்று கேட்பார்கள். இல்லை என்பார். அத்தோடு அவர்களுக்குக் கேட்க வேறு கேள்வி இருக்காது. காபியைக் குடித்துவிட்டுக் கல்யாண விஷயம் பேசப் போய்விடுவார்கள்.

லிங்கனெல்லாம் அவருக்குக் கட்டுப்படியாகாத சமாச்சாரம். அவரிடம் இருந்தவர்கள் இரண்டாம் வரிசை ஆட்கள். ஒரே ஒரு தடவை கவர்னராக இருந்துவிட்டு அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வியவர்கள், கால்வாய்க் கமிட்டியில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட செனட்டர்கள், போருக்குப் போய்ப் பெரிதாக எதையும் ஜெயிக்காமல் திரும்பிய தளபதிகள். பெயரைச் சொன்னால் அமெரிக்காவிலேயே முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். 1957-ல் வெங்கடபதி நெசவுத் தொழில் படிக்க மாசசூசெட்ஸ் போயிருந்தபோது ஒரு பழைய புத்தகக் கடையில் முதல் கடிதம் கிடைத்தது. அந்த ஊர் எம்.பி. ஒருவர், இந்தியப் பஞ்சு படுமட்டம், பாதி குப்பை என்று வியாபாரி ஒருவருக்கு எழுதியிருந்தார். நம் பஞ்சைத் திட்டியிருக்கிறானே என்ற கோபத்தில் வாங்கியதுதான்.

அதற்கப்புறம் முப்பத்தொன்பது வருஷம் போய்விட்டது. குடும்ப மில்லில் நெசவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். மில் மூடியது, பங்காளிகள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள், கண்ணில் புரை விழுந்தது. கடிதங்கள் மட்டும் இரண்டு இரும்புப் பெட்டிகளில், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அலுங்காமல் இருந்தன. அவற்றைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், ஈரம் போகத் துடைப்பார், பிறகுதான் பெட்டியைத் திறப்பார். "சாமி ரூமுக்குக்கூட இத்தனை சுத்தம் பாக்கறதில்லீங்க உங்க மாமா" என்று அவர் மனைவி ராமாமணி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அதெல்லாம் பவன் இருந்தபோது.

பவன் அவர்களுடைய ஒரே பையன். 1990-ல் மதுக்கரைக்கு இந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளில் வந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் அவனைப் பற்றிப் பேசவே இல்லை. யார் முதலில் ஆரம்பிப்பது என்று தெரியாமலேயே ஆறு வருஷம் ஓடிவிட்டது. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில், தண்ணீர் வருகிற நாள், இவ்வளவுதான் வீட்டில் பேச்சு. இரண்டு பேருக்குமே அலுத்துப்போயிருந்தது. அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட அலுப்பாக இருந்தது.

கையெழுத்து வியாபாரத்தில் போலி நிறைய. வெங்கடபதி லேசில் ஏமாற மாட்டார். தன் கையெழுத்தைப் போடுகிறவன் யோசிக்காமல் ஒரே ஓட்டமாகப் போட்டுவிடுவான். அடுத்தவன் கையெழுத்தைப் போடுகிறவன் பார்த்துப் பார்த்து வரைவான், கை நடுங்கும், நடுவில் பேனாவைத் தூக்குவான். பூதக்கண்ணாடியில் அது பளிச்சென்று தெரியும். நடுக்கம் தெரிந்தால் போலி, அவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம்.

1993-ல் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வியாபாரி அம்மாள் ஒரு கடிதத்தின் ஜெராக்ஸை அனுப்பியிருந்தாள். ஓஹையோ செனட்டர் ஒருவர் 1863-ல் தன் அண்ணனுக்கு எழுதியது. நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்ட தாள். வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அந்தக் காலத்து அமெரிக்கர்கள் மாதக்கணக்கில் அந்த மாதிரித் தாளில்தான் கடிதம் எழுதுவார்கள். வெங்கடபதி கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கையெழுத்து நடுங்கியது. மூன்று இடத்தில் பேனா தூக்கியிருந்தது. போலி என்று ஒரு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: "ஐயா, அவர் தன் மகனைப் புதைத்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது."

அன்று அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று ராமாமணியிடம் சொன்னார். மறுநாளே அந்தக் கடிதம் தனக்கு வேண்டும் என்று எழுதினார். அதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மூன்று வருஷம் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். 1996 ஜூனில் அது மறுபடி விற்பனைக்கு வந்ததும், நியூஜெர்சியில் இருந்த அக்கா மகன் நவநீத் மூலமாக வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். ராமாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன கடிதம் என்று அவள் கேட்டால், பையனைப் பறிகொடுத்த ஒருத்தன் எழுதியது என்று சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குத் தெம்பில்லை.

மூன்று வாரம் தபால்காரருக்காக கேட்டிலேயே நின்றார். நாலாவது வாரம் வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பார்வை மங்கலாக, மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். குளியலறைப் பக்கம் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. ராமாமணி ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்தில் தலைக்குக் குளித்திருக்கிறாள் என்றால் எங்கேயோ துக்கம். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. பயமோ கோபமோ துக்கமோ வந்தால் மட்டும் இரண்டு பேர் வாயிலும் கோயமுத்தூர்த் தமிழ்தான் வரும்.

"ஏனுங்க, நவநீத்துக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் தவறிப்போயிட்டாங்களா?" என்றாள்.

"எதுக்குக் கேக்கற?"

"அமெரிக்காவுல இருந்து ரிஜிஸ்தர் தபால் வந்துச்சுங்க. அவன்தான் போட்டிருக்கான்னு பிரிச்சேன். உள்ள கறுப்புக் கரை போட்டு ஒரு காயிதம். இங்கிலீஷு ஒரே கிறுக்கலு, ஒண்ணும் புரியலீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஆனைமலைக்குப் போன் போட்டு நவநீத்தோட அம்மாகிட்டக் கேட்டேன். அவங்க எல்லாரும் சௌக்கியம்னு சொல்றாங்க. அப்பறம் யாருதுங்க அது?"

வெங்கடபதிக்குப் புரிந்துவிட்டது. "காயிதம் எங்க?"

"எங்கன்னா? கருமாதிக் காயிதத்தை ஊட்டுக்குள்ளயா வெப்பாங்க? கிழிச்சு பாய்லர்ல போட்டுப்போட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கறுப்புக் கரை போட்ட பத்திரிகை வந்தால் வாசலிலேயே நின்று படித்து, நாளையும் இடத்தையும் மனசில் வைத்துக்கொண்டு, அங்கேயே கிழித்துப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வருவதுதான் வழக்கம். வெங்கடபதியும் ஆயுசு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். நூற்று முப்பத்து மூன்று வருஷம் யார் யார் கையிலோ பத்திரமாக இருந்த கடிதம், எந்த வீட்டுக்குப் போனால் அரைமணி நேரத்தில் சாம்பலாகுமோ அந்த வீட்டைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது.

கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பின்பக்கம் போய் பாய்லரின் அடிக்கதவைத் திறந்து குச்சியால் கிளறினார். தேங்காய் மட்டைச் சாம்பலுக்கு நடுவில், தபால் உறைக்குள் வைத்து வந்த அட்டை மட்டும் பாதி கருகிக் கிடந்தது.

ராமாமணி பின்னாலேயே வந்து நின்றாள். "உங்க கையெழுத்துக் காயிதமுங்களா?"

"ஆமா."

"அய்யோ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கணும்," என்றார். அப்படியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல என்னங்க எழுதியிருந்துச்சு?"

ஜெராக்ஸை எடுத்துப் படிக்கக் கண் தெரியவில்லை. தேவையும் இல்லை, மூன்று வருஷமாகப் படித்து அது மனப்பாடம். "அண்ணனுக்கு எழுதறாரு. பையன் போர்ல செத்துட்டான். அடக்கம் பண்ணியாச்சுங்கறாரு. அவனோட சாமானெல்லாம் அனுப்பிச்சிருக்காங்க. பூட்ஸை யாரோ நல்லாத் தொடச்சு, பாலீஷ் போட்டு அனுப்பிச்சிருக்காங்க. நல்ல மனசோடதான் செஞ்சிருப்பாங்க. ஆனா சேத்தோட அனுப்பியிருந்தா, அவன் கடைசியா நடந்த எடத்து மண்ணாவது எங்கிட்ட இருந்திருக்கும்னு எழுதியிருக்காரு."

ராமாமணி பாய்லரைத் திரும்பிப் பார்த்தாள். தலைத் துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"இதுக்கா இத்தனை நாளாக் கேட்டுல நின்னீங்க?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஊரான் பெத்த புள்ளைக்கெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பொட்டியில வெக்கறீங்க. நம்ம பையனோட கருமாதிப் பத்திரிகை ஒண்ணு எடுத்து வெச்சீங்களா? ஆயிரம் அடிச்சோம். ஊரே கிழிச்சுப் போட்டுச்சு. நமக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்களா?"

இல்லை. மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டைப் பதினாறாம் நாள் கிழித்ததே வெங்கடபதிதான். கட்டு கனமாக இருந்ததால் ஒரே தடவையில் கிழியவில்லை. நாலைந்தாகப் பிரித்து வைத்துக் கிழித்தார். எங்கோ பிறந்த ஒரு கவர்னர் சலவைக்காரனுக்கு எழுதிய துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷர். ராமாமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் பஸ் பிடித்துக் கணபதிக்குப் போனார். பத்திரிகை அடித்த அச்சகம் அங்கேதான் இருந்தது. முதலாளி பாலுசாமி ஆளை அடையாளம் கண்டுகொண்டார். ஆறு வருஷத்துக்கு முந்தியது ஒன்றாவது இருக்குமா என்று கேட்க வெங்கடபதிக்கே கூச்சமாக இருந்தது.

"இருக்குமுங்க," என்றார் பாலுசாமி. "கல்யாணப் பத்திரிகைகூடத் தூக்கிப் போட்டுருவேன், கருமாதிப் பத்திரிகை புரூஃபை மட்டும் போடமாட்டனுங்க. ஒரு பங்காளி பேரு விட்டுப்போச்சுன்னு வெய்யுங்க, பத்து வருசம் கழிச்சும் வந்து சட்டையப் புடிப்பாங்க. அதனால வீட்டுக்காரங்ககிட்டக் கையெழுத்து வாங்கி வெச்சுப்போடறது. பொம்பளைங்க ஊட்டுக்குள்ள ஏத்த உடமாட்டாங்க. சைக்கிள் ஷெட்டுல கெடக்குது, வாங்க."

தகர ஷெட்டில் வருஷ வாரியாக அரிசிச் சாக்குகள். தொண்ணூறாம் வருஷத்துச் சாக்கை அவிழ்த்து பாலுசாமி தேட ஆரம்பித்தார். வெங்கடபதி குழாய் எங்கே என்று கேட்டார், சோப்பு இருக்கிறதா என்றும் கேட்டார். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தபோது பாலுசாமி ஒரு தாளை நீட்டினார்.

மஞ்சளாகிப் போன புரூஃப் தாள். கறுப்புக் கரை ஒரு பக்கம் மட்டும் மை அப்பித் தடித்திருந்தது. நடுவில் பவனின் பெயர். வயது 24 என்று அச்சாகியிருந்ததை நீலப் பேனாவால் அடித்து 23 என்று எழுதியிருந்தது. அடியில் "சரி, அச்சிடலாம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்து.

பழக்கதோஷம், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மில் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு தாளில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து அவருடையது. இதில் முதல் எழுத்திலேயே பேனா தூக்கியிருந்தது. கோடு நடுங்கிக்கொண்டே போய், வழி தெரியாத மாதிரி நின்று, மறுபடி ஆரம்பித்திருந்தது. எண்ணிப் பார்த்தார். மூன்று இடம். இதை யாராவது ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தால், போலி என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்.

"உங்க கையெழுத்துதானுங்களே?" என்று பாலுசாமி சந்தேகத்தோடு கேட்டார்.

"என்னோடதுதானுங்க," என்றார். பையன் போன அன்று ஆள்களை ஏவிக்கொண்டு, வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் நின்ற மனுஷர், அந்தச் சைக்கிள் ஷெட்டில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார். பாலுசாமி போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

வீடு திரும்பியபோது ராமாமணி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் படி ஏறவில்லை. கீழேயே நின்று, பிளாஸ்டிக் உறையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். கறுப்புக் கரையைப் பார்த்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பார்த்ததற்கே கை கழுவுகிறாள், கொண்டுவந்திருக்கக் கூடாது என்று நினைத்து வெயிலிலேயே நின்றார்.

அவள் இரண்டு கைகளையும் முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"குடுங்க," என்றாள்.

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படியில் உட்கார்ந்து, தலைப்பிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தாள். வயது போட்டிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இருவத்தி மூணுன்னு மாத்தியிருக்கீங்க."

"பொறந்த நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு."

"பதினொண்ணு இல்லீங்க, பத்து," என்றாள் ராமாமணி. "நாந்தான் எண்ணிக்கிட்டே இருந்தனே. அன்னிக்குப் போடறதுக்குச் சட்டை எடுத்து வெச்சிருந்தேன். இன்னும் பீரோவுலதான் இருக்குது, பிரிக்கக்கூட இல்லீங்க."

வெங்கடபதி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"என்ன கலரு?" என்று கேட்டார்.