வரிசையில் முப்பத்தொன்றாம் குழந்தை

வாருங்கள். கைவேலையைச் சற்றே இறக்கி வைத்துவிட்டு, கிரெமெனிவ்கா ஊர்ப் பள்ளிக்கூடத்து மேசைமேல் கிடந்த இரண்டு தாள்களைப் பாருங்கள். இரண்டும் எட்டு வயதுச் சிறுமி உலியானாவைப் பற்றியவை. ஒன்று சொல்கிறது: வலக்கண் முழுப் பார்வை, இடக்கண் முழுப் பார்வை, குறை ஏதுமில்லை. மற்றொன்று சொல்கிறது: இச்சிறுமி மந்தபுத்தி உடையவள், ஞாபகசக்தி குறைந்தவள், எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மந்தப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பத் தக்கவள். இரண்டிலும் முத்திரை உண்டு. இரண்டிலும் கையெழுத்து உண்டு. முதல் தாள் பொய். அந்தப் பொய் பெற்ற பிள்ளை இரண்டாம் தாள். பொய்க்குப் பிறந்த ஒரு தாள், தாய்க்குப் பிறந்த ஒரு மகளைத் தூக்கிப்போக வந்த அநியாயத்துக்கு நீங்களே சாட்சி சொல்ல வேண்டும்.

தாயின் பெயர் ஸினாயிதா. ஊராருக்கு ஸீனா. கட்டடங்களுக்குக் கான்கிரீட் பலகை வார்க்கும் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவள். கணவன் வடக்கே எரிவாயுக் குழாய் பதிக்கப் போய், மாதம் ஒரு கடிதமாகச் சுருங்கியிருந்தான். வீட்டில் தாயும் மகளும் மட்டுமே.

ஒரு திங்கட்கிழமை மாலை வகுப்பாசிரியை ரயீஸா ஸாவிவ்னா வீடு தேடி வந்தார். வியாழன் காலை பத்து மணிக்கு மருத்துவக் குழுவின் முன் மகளோடு ஆஜராக வேண்டும் என்ற அறிவிப்பை நீட்டினார்.

"மனசைத் தேத்திக்குங்க, ஸினாயிதா புரோகோபிவ்னா. கரும்பலகையில நான் ஒண்ணு எழுதினா, இவ நோட்டுல வேற ஒண்ணு இருக்கு. பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக் கேட்டு எழுதறா. ரெண்டு வருஷம் பொறுத்துப் பாத்துட்டேன்."

"முன் பெஞ்சுல உட்கார வெச்சுப் பாத்தீங்களா?"

"முன் பெஞ்சு நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு. அதானே வழக்கம்?"

ஆம், அதுவே வழக்கம். நன்றாகப் படிப்பவனுக்கு அருகு, படிக்க இயலாதவனுக்குத் தொலைவு! கடைசி பெஞ்சைப் பிள்ளைகள் கம்சாத்கா என்பார்கள். நாட்டின் கோடியில் கிடக்கும் பனிநிலத்தின் பெயர் அது. உலியானா முதல் வகுப்பிலிருந்தே கம்சாத்காவாசி.

ஆசிரியை போன பின் ஸீனாவும் ஒரு தவறு செய்தாள். அவள் தெய்வமல்ல, பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிக் களைத்த மனுஷி. மகளின் நோட்டைப் புரட்டினாள், கோணல் மாணலான வரிகளைக் கண்டாள், "சோம்பேறிக் கழுதை!" என்று பிடரியில் ஓர் அடி வைத்தாள். உலியானா அழவில்லை. "இனிமே நல்லாக் கேக்கறேம்மா" என்றாள். நன்றாகப் பார்க்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த வேறுபாடு அன்றிரவு தாயின் காதில் ஏறவில்லை.

மறுநாள் தொழிற்சாலை உணவகத்தில் ஏறியது.

பன்தெலே என்பவர் ஸீனாவுக்கு மூத்த கிரேன் ஓட்டுநர். ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனை அவருக்கு அந்த வாரம். பலகை அடுக்கும் பெண்கள் அவரை விடுவதாயில்லை.

"பன்தெலே அண்ணே, போன வருஷம் ஆஸ்பத்திரியில கோட் மாட்டற ஸ்டாண்டுக்கு வணக்கம் சொன்னீங்களாமே!"

"அடப் போங்கடி! ஸ்டாண்டுதான் பதிலுக்குத் தலையாட்டிச்சே. எனக்கு எது தெரியாட்டி என்ன, கண்ணு சோதிக்கற எழுத்தட்டை தெரியுமில்ல? ஷ, ப! ம, ன, க! கல்யாண நாளைக்கூட மறப்பேன், பத்தாவது வரியை மறப்பேனா? ன, க, இ, ப, ம, ஷ..."

மேசை முழுவதும் அவரோடு சேர்ந்து ஒப்பித்தது. கரண்டிகள் கிண்ணத்தில் தாளம் போட்டன. ஒப்பிக்க மாட்டார்களா என்ன? பள்ளியில் அதே அட்டை, படையில் அதே அட்டை, ஓட்டுநர் உரிமத்துக்கும் அதே அட்டை. பாட்டன் படித்த எழுத்துகளையே பேரனும் படிக்கிறான். பார்வையைச் சோதிக்கப் பிறந்த அட்டை, நாடே மனப்பாடமாய்ப் பாடும் பாட்டாகிவிட்டது. ஸீனாவும் சிரித்துக்கொண்டே பாடினாள். பாதி வரியில் அவள் கரண்டி பீட்ரூட் சூப்பிலேயே நின்றுவிட்டது.

"என்னடி ஸீனா, தொண்டையில மாட்டிக்கிச்சா?"

"ஆமாண்ணே. பெரிசா மாட்டிக்கிச்சு."

வேலை முடிந்ததும் ஓட்டமாக வீடு வந்தாள். கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"உலியா, பள்ளிக்கூடத்துல நர்ஸ் சித்தி கண்ணு பாத்தாங்களே, அந்த எழுத்தையெல்லாம் எப்படிடி சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்களே, அதையேதான் சொன்னேன். வரிசையில நான் முப்பத்தொண்ணாவது."

"எழுத்து தெரிஞ்சுதா?"

"சுவத்துல வெளிச்சமா ஒரு பெட்டி தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு." சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எழுத்தைப் பாத்தா சொல்லணும்? எல்லாரும் கேட்டுத்தான் சொல்றாங்கன்னு நான் நெனச்சேன்."

ஸீனா மகளின் பிடரியைத் தடவினாள். முந்தின நாள் அடித்த கை அது. வெட்கம் அவளைக் குனியச் செய்யவில்லை, நிமிரச் செய்தது.

வியாழக்கிழமை குழு கூடியது பள்ளியின் மருத்துவ அறையில். மேசைக்குப் பின்னால் குழுத் தலைவர், டாக்டர் வலேரியன் ஓஸ்தாபோவிச். பக்கத்தில் ஆசிரியை ரயீஸா. கதவோரத்தில், பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்த நர்ஸ் க்லாவா. தலைவர் எதிர்ச் சுவரில் நான்கு படங்களைத் தொங்கவிட்டார்: ஓநாய், நரி, கரடி, வாளி.

"இதுல மத்ததோட சேராதது எது? சொல்லு பாப்பா."

உலியானா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, செவியைச் சாய்த்து நின்றாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "எதுன்னு யாராவது ஒரு தடவை சொல்லுங்க. நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

தலைவர் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளின் ஓரத்தில் ஏதோ குறித்தார். ஸீனா எட்டி அதன் வரிகளைப் படித்தாள்.

"எழுதாதீங்க தோழர்," என்றாள் ஸீனா. "அவளுக்கு அந்தப் படமே தெரியல."

"அம்மா, முழுப் பார்வைன்னு இதோ கார்டுல இருக்கு."

"கார்டுல இருக்கு, கண்ணுல இல்ல. உலியா, எழுத்தட்டை மாட்டின அந்த வெளிச்சப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நில்லு. பத்தாவது வரியைச் சொல்லு."

முதுகைக் காட்டி நின்ற சிறுமி மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"சரி, ஞாபகசக்தி நல்லா இருக்கு. அதனால என்ன?" என்றார் தலைவர்.

"அதனால என்னவா? உங்க தாள்ல மூணாவது வரியை நீங்களே படிங்க! 'ஞாபகசக்தி குறைவு.' முப்பது பிள்ளைங்க சொல்லக் கேட்டு முழு வரியையும் பிடிச்சவளுக்கா புத்தி மந்தம்?" அவள் நர்ஸின் பக்கம் திரும்பினாள். "க்லாவா, பெட்டியில எழுத்துக்குப் பக்கத்துல வாய் பிளந்த வளையம் வளையமா இருக்கே, அதுல ஒண்ணைக் குச்சியால தொடு. பிளவு எந்தப் பக்கம்னு இவ சொல்லட்டும். அதை எவனும் பாட்டாப் பாடி வைக்கல."

"ஸீனா, வேண்டாம்டி... ஒரே நாள்ல நூத்திருபது பிள்ளைங்க, நான் ஒருத்தி. வளையம் காட்டிட்டிருந்தா ஒரு வாரம் ஆயிருக்கும்."

"ஒரு வாரம் மிச்சம் பண்ணின. என் பொண்ணுக்கு ஆயுசு செலவு. தொடு."

க்லாவா எல்லாவற்றிலும் பெரிய வளையத்தைத் தொட்டாள். "எது?" என்றாள் உலியானா. ஓரடி முன்னே வந்தாள். இன்னும் ஓரடி. ஐந்து மீட்டர் தூரம் நான்காகி, மூன்றாகி, சுவருக்கு இரண்டு எட்டு இருக்கையில்தான் சிறுமியின் முகம் மலர்ந்தது. "இதா? கீழ்ப்பக்கம் பிஞ்சிருக்கு!"

ரயீஸா தலை குனிந்தார். ஆனால் அதிகாரம் அவ்வளவு எளிதில் குனியுமா?

"முடிவை டைப் அடிச்சாச்சு," என்றார் தலைவர். "உங்க கையெழுத்துதான் பாக்கி."

"அது பாக்கியாவே இருக்கும்."

"உங்க தொழிற்சாலைக்கு எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க. எட்டு டன் பலகையை ஆளுங்க தலைக்கு மேல தினம் தூக்கிட்டுப் போறவ நான். ஒரு தாளோட கனத்துக்கா பயப்படுவேன்?"

"கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறியாயிடும், பாத்துக்குங்க," என்று ரயீஸா முணுமுணுத்தார்.

"மந்தம்னு பேர் வாங்கிக் குடுத்துட்டீங்க, டீச்சர். இனிமே சோம்பேறின்னா அது பதவி உயர்வு."

க்லாவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலைவர் பேனாவை மூடினார். "ரெண்டு வாரம். கண்ணாடியோட வரட்டும். கம்சாத்காவுல உட்கார்ந்து கரும்பலகையைப் படிச்சா இந்தத் தாளைக் கிழிச்சுப் போடறேன். படிக்கலேன்னா அதுக்கடுத்த திங்கக்கிழமை விடுதிக்கு பஸ்."

கண் மருத்துவர் அளந்து சொன்னார்: இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. சீட்டோடு கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பழுப்பு நிறத்தில் ஜன்னல் அகல ஃபிரேம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"வளர்ற பிள்ளை. பெரிசா வாங்குங்க, நாலு வருஷம் வரும்."

உலியானா அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஃபிரேம் மூக்கைக் கடந்து உதட்டில் வந்து நின்றது. நிமிர்ந்தபோது அவள் பார்த்தது கண்ணாடிக்கு மேலாக.

"பின்னால எலாஸ்டிக் கட்டிக்கலாம்."

"செருப்பு பெரிசாப் போனா உள்ளே பஞ்சு வைக்கலாம். கண்ணுக்கு முன்னால என்னத்தை வைக்கிறது? இவ மேல் வழியாப் பாத்தா கண்ணாடி போட்டும் குருடுதானே? இந்தப் பவருக்கு இவ்வளவு பெரிய லென்ஸ் போட்டா ஓரமெல்லாம் தடிச்சு, மூக்கே இறங்கிடும். சின்னதாக் காட்டுங்க."

கடைக்காரர் சலிப்போடு அடி இழுப்பறையைத் திறந்தார். சிறிய வட்டக் கம்பி ஃபிரேம். காதைச் சுற்றி வளைந்து பிடிக்கும் கொக்கிகள். "ரெண்டு வருஷமா யாரும் தொடல. தாத்தா மாதிரி இருக்கும்னு சொல்றாங்க."

மாட்டியதும் ஸீனா மகளைக் குனியச் சொன்னாள், தலையை உலுக்கச் சொன்னாள், ஒற்றைக் காலில் கடை நீளம் நொண்டி அடிக்கச் சொன்னாள். மூக்குப் பாலம் நகரவில்லை. காதின் பின்புறம் சிவக்கவில்லை. இமைமயிர் எங்கும் உரசவில்லை. கருவிழியின் நடுவும் லென்ஸின் நடுவும் நேராக விழுகின்றனவா என்று இரண்டு முறை அளக்க வைத்தாள்.

"நான் தாத்தா மாதிரியா இருக்கேன்?" என்றாள் உலியானா.

"ஆமா. படிச்ச தாத்தா மாதிரி."

லென்ஸ் தயாராகப் பத்து நாளாயிற்று. மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்த சிறுமி, எதிர்ப்பக்கம் நின்ற தாயை உற்றுப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா! நீ எப்பவும் இப்படி மொறைச்சுக்கிட்டேதான் இருப்பியா?"

"இல்லடி. இந்த ரெண்டு வாரமாத்தான்!"

குறித்த நாளில் தலைவரும் நர்ஸும் வகுப்பின் ஓரத்தில் நிற்க, உலியானா தாயோடு கம்சாத்காவில் போய் உட்கார்ந்தாள். ரயீஸா கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். சிறுமி அதைப் படித்தாள். யாரும் கேட்காமலே பலகைக்கு மேல் தொங்கிய வாசகத்தைப் படித்தாள். கதவருகே இருந்த தீயணைப்பு அறிவிப்பைப் படித்தாள். தலைவரின் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை என்பதையும் சொன்னாள். வகுப்பு சிரித்தது. தலைவர் தாளை இரண்டாகக் கிழித்தார்.

"விஷயம் முடிஞ்சுது," என்றார்.

"என் விஷயம் முடிஞ்சுது," என்றாள் ஸீனா. "இந்த வகுப்புல இன்னும் முப்பத்தேழு பிள்ளைங்க இருக்காங்க. எல்லாரும் அதே பாட்டைத்தான் பாடினாங்க. வளையத்தைக் காட்டி எல்லாரையும் சோதிக்கற வரைக்கும் நான் இந்த பெஞ்சை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

தலைவர் வாய் திறக்கும் முன் க்லாவா குச்சியை எடுத்துக்கொண்டாள். "எத்தனை நாளானாலும் ஆகட்டும், டாக்டர். என் கையெழுத்தை நானே சரி பண்ணிக்கறேன்."

மூன்று நாள் ஆயிற்று. நான்கு பிள்ளைகளுக்கு வளையத்தின் பிளவு தெரியவில்லை. அவர்களில் ஒருத்தி முன் பெஞ்சின் முதலிடத்துக்காரி. அருகில் இருந்ததால் அவளுக்கு அறிவாளிப் பட்டம். தொலைவில் இருந்ததால் உலியானாவுக்கு மந்தப் பட்டம். இரண்டுக்கும் இடையே இருந்தது அறிவல்ல. ஆறு பெஞ்சு தூரம்!

இதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள். உங்கள் வீட்டிலும் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை உண்டு. அதையும் யாரோ ஒருவர் மக்கு என்று திட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். இன்று மாலையே ஒரு தாளில் வாய் பிளந்த வளையம் வரையுங்கள். பிள்ளையைத் தொலைவில் நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்து, தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கேளுங்கள். பிறகு மறு கண்ணை. தடுமாறினால் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்; கண்ணாடி தேவையென்றால் பிள்ளையின் இன்றைய முகத்துக்கு வாங்குங்கள், நாளைய முகத்துக்கு அல்ல. நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பார்வைச் சோதனைக்குப் பிள்ளைகளை ஒருவர் காதில் ஒருவர் சொல் விழும்படி வரிசையில் நிறுத்தாதே, தனித்தனியே சோதி என்று கேளுங்கள். மறுத்தால் அங்கேயே உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள்.