மூன்று புள்ளி

பெங்களூர் அடுகோடியில் லீனா குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு காலிமனை, பருப்புக்கீரை மண்டிக் கிடந்தது. போன வாரம் அங்கே அவள் ஒரு டனாயிட் எக்ஃப்ளையைப் பார்த்தாள். அபூர்வமாகத்தான் கண்ணில் படும், சட்டம் காக்கும் பட்டாம்பூச்சி. படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது. இன்றைக்கு மனையைச் சமன்செய்ய ஜேசிபி வந்து நின்றது.

"படம் காட்டுங்க மேடம், நிறுத்திடறேன். கேஸ் கீஸ்னு அலைய என்னால ஆகாது" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சேஷகிரி. "மத்தியானம் வரைக்கும்தான்."

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வெயிலில் அலைந்தாள். வந்ததெல்லாம் பிளெயின் டைகர். எங்கும் பறப்பது, ஆனால் அச்சு அசல் எக்ஃப்ளையின் பெண் மாதிரியே இருக்கும்: ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம், நுனியில் வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையைப் பார்த்தால்தான் தெரியும். டைகருக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள். எக்ஃப்ளைக்கு மேல்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று.

உச்சி வெயில். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். லீனா சேஷகிரியிடம் ஓடினாள். போனிலிருந்த டைகர் படத்தை நீட்டினாள்.

"இதுதானா?"

"இதுதான் சார்."

சேஷகிரி கை காட்ட, வண்டி நின்றது. படத்தை அண்ணன் மகன் ஸ்ரீஹர்ஷாவுக்கு அனுப்பினார். அவன் பூச்சியியல் படிப்பவன். வந்த பதிலை உரக்கவே வாசித்தார்: "சித்தப்பா, மூணு புள்ளி இருக்கு. இது சாதாரணமானது."

அவளை ஏறிட்டார். "நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

வண்டியின் கை கீரையில் இறங்கியது. லீனா அழுதுகொண்டே மூலைக்கு ஓடினாள். அங்கே ஒன்று, கீரை இலையில் வயிற்றை வளைத்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முட்டையிட டைகர் எருக்கஞ்செடியைத்தான் தேடிப்போகும்; பருப்புக்கீரைக்கு வருவது எக்ஃப்ளை. இறக்கை விரிந்தபோது விளிம்பில் ஒற்றைப் புள்ளி.

"சார்! வந்து பாருங்க சார், ப்ளீஸ்!"

"பேடா மேடம், வேண்டாம். ஒரு தடவை நம்பினது போதும்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போனில் படம் எடுக்கவும் தோன்றவில்லை. மண்டியிட்டு, முட்டையிருந்த செடிகளை வேரோடு பிடுங்கித் துப்பட்டாவில் அள்ளினாள். வண்டி நெருங்க, டிரைவர் கத்தினார். பட்டாம்பூச்சி புழுதியில் எழும்பிப் போனது.

பால்கனித் தொட்டிகளில் நட்டதில் பாதி வாடிவிட்டது. ஆனால் சில நாளில் ஓர் இலையைக் கறுத்த முள்புழு ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு குளோரியாவிடம் சாவியைக் கொடுத்தாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா. புழுவப் பாத்துப் பயந்து மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க."